எண்ணாமல் விட்ட அறுபத்தொன்று

ஆயிரத்து இருநூற்று நாற்பத்தைந்து. வரக்கூடாத எண். திரையின் அடியில் வலது மூலையில் சின்ன எழுத்தில் உட்கார்ந்துகொண்டு, வந்த வரிசைகள் 1,245 என்கிறது. வர வேண்டியது 1,184. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் சொல்லக்கூடிய எண் அது. எட்டு மாதமாக எல்லாக் கடிதத்திலும், எல்லா அறிக்கையிலும், என் மேலதிகாரி ஞானதுரை சார் மீட்டிங்கில் தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்கும் முதல் வரியிலும் அதுதான் இருக்கிறது. வாய்க்கால் கரையில் குடியிருக்கும் குடும்பங்கள் 1,184. இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டினேன். 1,245. ஏதோ நான் சரியாகக் கேட்காததுபோல அதே பதில். நான் கணக்குப் போட உட்காரவே இல்லை, ஸ்டிக்கர் அடிக்கத்தான் உட்கார்ந்தேன். கரையில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒட்டுவதற்குப் பெயரும் எண்ணும் போட்ட மஞ்சள் ஸ்டிக்கர். அது ஒட்டியிருந்தால் பைபாஸ் தாண்டிக் கட்டியிருக்கும் அடுக்குமாடியில் ஒரு வீடு. ஒட்டியில்லாவிட்டால் ஆக்கிரமிப்பு, புல்டோசர் வரும், அவ்வளவுதான். எல்லாரையும் கொடு என்று டேட்டாபேஸிடம் கேட்டேன், எல்லாரையும் கொடுத்துவிட்டது. மணி பதினொன்று பத்து. பன்னிரண்டுக்குத் திட்ட அலுவலர் வருகிறார், வீடு ஒதுக்கும் ஆணையில் கையெழுத்துப் போட. கட்டியிருப்பது ஆயிரத்து இருநூற்று எண்பது வீடு. 1,184 போக மிச்சம் எல்லாம் இன்றைக்கே வேறு ஏதோ பட்டியலுக்குப் போய்விடும். அப்புறம் நான் எவ்வளவு சரியான எண்ணைச் சொன்னாலும் குடியேற்ற வீடு இருக்காது.

இரட்டிப்பாகத்தான் இருக்க வேண்டும். டேப்லெட்டில் நெட் இல்லாத இடத்தில் ஒரே குடும்பத்தை இரண்டு முறை அனுப்பியிருப்பார்கள், சர்வேக்குப் போனவர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு, பச்சை டிக் வரவில்லை என்றால் வரும்வரை அமுக்குவார்கள், லிஃப்ட் பட்டனை அமுக்குவதுபோல. இரட்டிப்பாக இரு, தயவுசெய்து இரட்டிப்பாக இரு. நான் சாமி கும்பிட்டு ஆறு வருஷம் ஆகிறது, இப்போது ஒரு கட்டளை வரியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். கதவு எண்ணும் ஆதார் எண்ணும் ஒன்றாக இருப்பவர்களைக் கொடு. பூஜ்யம். கைபேசி எண் ஒன்றாக இருப்பவர்கள்? நான்கு. நான்கும் அண்ணன் தம்பி வீடு, வேறு வேறு அடுப்பு. பின்னால் ஷூ சத்தம். ஞானதுரை சார். அவர் வந்து நிற்பது எனக்குக் கழுத்தில் தெரியும். நல்ல மனநிலையில் இருந்தால் தமயந்தி மேடம், வேலை ஆக வேண்டுமென்றால் தமயந்திம்மா. "தமயந்திம்மா, ஸ்டிக்கர் ஃபைல் பிரஸ்ஸுக்குப் போயிருச்சா?" "எண்ணிக்கை இடிக்குது சார். அறுபத்தொண்ணு கூட வருது." அவர் ஒரு நொடி யோசித்தார். இத்தனை நாள் பழக்கத்தில் சொல்கிறேன், அவர் யோசிப்பது அந்த ஒரு நொடிதான். "கூடத்தானே வருது, குறைஞ்சாத்தானே பிரச்சினை. டூப்ளிகேட்டா இருக்கும், தட்டி விட்டுருங்க." போய்விட்டார். கூடத்தானே வருது. கல்யாணப் பந்தியில் இலைக்குமேல் ஆள் வந்தால் இப்படித்தான் தட்டி விடுவாரோ என்னவோ.

பூட்டிய வீடாக இருக்கலாம். ஆமாம், பூட்டிய வீடு. அதற்காகத்தானே அப்போது அந்தத் தந்திரத்தையே செய்தேன். சர்வே தொடங்கிய முதல் மாதம், ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த கதவுகளுக்கும் ஒரு வரிசை விழுந்துகொண்டிருந்தது, கதவு எண் மட்டும் இருக்கும், மற்றதெல்லாம் காலி. அவற்றை எண்ணக்கூடாது. எண்ணச் சொல்லும்போது அடைப்புக்குள் நட்சத்திரக் குறி போட்டால் எல்லா வரிசையையும் எண்ணும். நட்சத்திரத்துக்குப் பதில் ஒரு கட்டத்தின் பெயரைப் போட்டால் அந்தக் கட்டம் நிரம்பியிருக்கும் வரிசைகளை மட்டும் எண்ணும், காலியாக இருந்தால் தாண்டிப் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எவரும் படித்துவிடுகிற விஷயம். நான் போட்ட கட்டம், கணவர் அல்லது தந்தை பெயர். ஏன் அந்தக் கட்டம்? ஏனென்றால் படிவத்திலேயே அதற்கு மட்டும்தான் சிவப்புப் புள்ளி இருந்தது, நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. ஆளிருக்கும் வீட்டில் அது காலியாக இருக்கவே முடியாது என்று நினைத்தேன். அப்பன் பெயரோ புருஷன் பெயரோ இல்லாமல் இந்த நாட்டில் ஒரு படிவம் நிரம்புமா என்ன. எவ்வளவு கெட்டிக்காரத்தனம். பூட்டிய வீடுகளை எண்ணாமல் விட்டதற்கு அன்றைக்கு எனக்கு நானே ஒரு ஃபில்டர் காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். சரி, அந்த அறுபத்தொன்றைத் திறந்து பார். பூட்டிய வீடாக இரு. திறந்தேன். மூக்கம்மாள், வயது 52, குடும்பத்தில் ஐந்து பேர், விறகடுப்பு. பஞ்சவர்ணம், வயது 47, மூன்று பேர், கேஸ் அடுப்பு. ராக்கு, வயது 60, இரண்டு பேர், ஓட்டு வீடு, மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வரும். பூட்டிய வீட்டில் யார் விறகடுப்பு எரிப்பார்கள். கணவர் பெயர், காலி. கணவர் பெயர், காலி. கணவர் பெயர், காலி. கீழே போகப் போக அறுபத்தொன்றும் அப்படியே; பூட்டிக் கிடந்த வீடுகளையெல்லாம் இரண்டாம் சுற்றில் போய் எழுதிவிட்டார்கள்போல, அதில் ஒன்றுகூட மிச்சமில்லை. கைவிரல் எல்லாம் சில்லென்று ஆகிவிட்டது, ஏசியைக் குற்றம் சொல்ல ஆசையாக இருக்கிறது.

எப்படிக் காலியாக விட்டது அது. சிவப்புப் புள்ளி இருக்கும்போது எப்படி. அக்டோபர். ஐயோ, அக்டோபர். பாப்பா பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், வராந்தாவில் வரிசையில் நிற்கிறேன், எனக்கு முன்னால் ஏழு பேர், போன் அடிக்கிறது. ஜெசிந்தா. கரையில் தெற்குப் பகுதி முழுவதும் சர்வே எடுத்த பெண், நாள் சம்பளம், வெயிலுக்குக் கறுப்புக் குடை, எப்போதும் ஓடுகிற குரல். "அக்கா, இந்த டேப்பு அடுத்த பக்கம் போக மாட்டேங்குது. வீட்டுக்காரர் பேரு போடாம விடாதாம். இந்தம்மா பேரு சொல்ல மாட்டேங்குறாங்க." "ஏனாம்?" "புருசன் பேரு வாயால சொல்லக் கூடாதாம்க்கா. மலை மேல இருக்குற சாமி பேருங்கிறாங்க. நான் மாதா கோயிலுக்குப் போறவ, எந்த மலை எந்தச் சாமின்னு எனக்கு என்னக்கா தெரியும்?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். "ரேஷன் கார்டுல இருக்குமே, ஜெசி." "கார்டை டிரங்குப் பெட்டியில வச்சுப் பூட்டி சாவியை அவரு இடுப்புல கட்டிட்டுப் போயிட்டாராம். இன்னிக்கு இப்படி இது ஒன்பதாவது வீடுக்கா. நான் மத்தியானத்துக்குள்ள நாப்பது முடிக்கணும்." மடியில் லேப்டாப்பைத் திறந்தேன், வராந்தாத் தரையில் உட்கார்ந்து, இரண்டே நிமிஷத்தில் சிவப்புப் புள்ளியை எடுத்துவிட்டேன். "இனிமே காலியா விட்டுட்டுப் போங்க ஜெசி, பின்னாடி நிரப்பிக்கலாம்." "நல்லாருப்பீங்கக்கா." நல்லாத்தான் இருக்கிறேன். அந்தப் புள்ளியை நம்பித்தான் எண்ணிக்கை நிற்கிறது என்பது எழுதியவளுக்கே அந்த வராந்தாவில் ஞாபகம் இல்லை. டீச்சர் கூப்பிட்டார், பாப்பா கணக்கில் கவனக்குறைவாக இருக்கிறாள் என்றார், நான் வீட்டுக்கு வந்து அவளைத் திட்டினேன்.

என் மாமியாரும் சொல்ல மாட்டார். மாமனார் பெயர் வெள்ளைச்சாமி. அதனால் எங்கள் வீட்டில் வெள்ளைப்பூண்டு கிடையாது, வெறும் பூண்டுதான். வெள்ளைச் சேலை கிடையாது, பால் கலர் சேலை. சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தால் சுண்ணாம்பு பூச வந்திருக்காக என்பார். வெள்ளிக்கிழமைகூட வாய்க்கு நெருக்கமாக இருக்கிறது என்று, வியாழனுக்கு மறுநாள். நான் என் புருஷனை மகேந்திரா என்று கூப்பிடுகிறவள், கோபம் வந்தால் டேய் மகேந்திரா, இதை அத்தை காதில் வாங்காத மாதிரி கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். ஒருமுறை பேங்கில் கிளார்க் கணவர் பெயர் கேட்க, அத்தை என்னைப் பார்க்க, நான் வேண்டுமென்றே கூரையைப் பார்த்தேன். சொல்லட்டுமே, ஒரு தடவை சொன்னால் என்ன. அவர் பாஸ்புக்கைத் திறந்து பெயர்மேல் விரலை வைத்துக் காட்டினார், கடைசிவரை வாய் திறக்கவில்லை. வெளியே வந்து நான் சிரித்தேன். "உனக்கு என்னத்துக்குச் சிரிப்பு? நான் சொல்லலைன்னா அவரு இல்லாமப் போயிருவாரா?" இல்லை அத்தை. அவர் போக மாட்டார். மூக்கம்மாளின் புருஷனும் எங்கேயும் போகவில்லை, சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு திடமாகத்தான் இருக்கிறார். போனது மூக்கம்மாள். அவர் பெயரைச் சொல்லாததற்கு இவளை எண்ணாமல் விட்டது என் ஒரு வரி. அத்தையைப் பார்த்துச் சிரித்த வாய்க்காரி எழுதியது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. பயத்தைவிட அதிகமாக வெட்கம், வெட்கத்தைவிட அதிகமாகக் கோபம், கோபம் யார்மேல் என்று பார்த்தால் சுற்றிச் சுற்றி என் நாற்காலிக்கே வந்து உட்காருகிறது.

ஆனால் மற்ற பகுதியில் மட்டும் எப்படி? வடக்குக் கரையில் மட்டும் பெண்கள் கூரைமேல் ஏறிப் புருஷன் பெயரைக் கூவுகிறார்களா? பார்த்தேன். அங்கேயும் சொல்லவில்லைதான். வடக்கை எடுத்த ஆள் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வெறும் புள்ளி. சில இடத்தில் கோடு. ஒரு இடத்தில் "தெரியாது". நாற்பத்து நான்கு வீட்டில் இந்தச் சித்துவேலை. டேட்டாபேஸுக்குப் புள்ளியும் ஒரு பெயர்தான், நிரம்பிய கட்டம்தான், எண்ணிவிட்டது. கை சோம்பி ஒரு புள்ளி வைத்தவர் புண்ணியத்தில் நாற்பத்து நான்கு குடும்பத்துக்கு வீடு. தெரியாததைத் தெரிந்ததுபோலப் போடக்கூடாது என்று ஒழுங்காகக் காலியாக விட்ட ஜெசிந்தாவின் அறுபத்தொரு குடும்பத்துக்கு இல்லை. அவளுக்குப் போன் போட்டேன். "சொல்லுங்கக்கா." பின்னால் பஸ் சத்தம். "ஜெசி, அந்தக் காலியா விட்ட வீடெல்லாம் பின்னாடி போய் நிரப்புனீங்களா?" "நீங்கதானக்கா பின்னாடி நிரப்பிக்கலாம்னீங்க. நான் பேப்பர்ல லிஸ்ட் எழுதி ஆபீஸ்ல குடுத்தேன், சார் டேபிள்ல வச்சேன். ஏன்க்கா, எதாச்சும் பிரச்சினையா? என் சம்பளத்துல கை வைப்பாங்களாக்கா?" "இல்ல. உங்க மேல ஒண்ணும் வராது." சொல்லிவிட்டேன். இப்படி வாக்குக் கொடுக்க நான் யார். எனக்கே இந்த வெள்ளிக்கிழமையோடு ஒப்பந்தம் முடிகிறது.

நினைத்தது சரிதான், ஞானதுரை சாரிடம் நான் போய்ச் சொன்னதும் அவர் முதலில் தேடியது ஆளைத்தான், வழியை இல்லை. பதினொன்று நாற்பது. அவர் அறையில் ஆணை மூன்று நகல் எடுத்துப் பச்சை ஃபைலில் வைத்திருக்கிறார், 1,184 தடித்த எழுத்தில். நான் முழுதும் சொல்லும்வரை கேட்டார், அதற்கு நன்றி. "யாரோட ஏரியா இது?" "ஜெசிந்தா. ஆனா தப்பு அவளோடது இல்ல சார், என் எண்ணிக்கைதான் தப்பு." "அவசரப்படாதீங்கம்மா. கணவர் பேரே இல்லாத ரெக்கார்டு, இன்கம்ப்ளீட். சர்வே எடுத்தவங்க சரியா எடுக்கல. அப்படித்தான் எழுதுவோம். அடுத்த கட்டத்துல சேத்துக்கலாம்." "அடுத்த கட்டம் இருக்கா சார்?" அவர் அதைக் கேட்காதமாதிரி கண்ணாடியைத் துடைத்தார். "எட்டு மாசமா இந்த நம்பரை நான் சொல்லிட்டிருக்கேன். இப்பப் போயி மாத்தினா, இது வரைக்கும் சொன்னதெல்லாம் என்ன? உங்க ரின்யூவல் என் மேசையிலதான் இருக்கு, நான் கையெழுத்துப் போடறதாத்தான் இருக்கேன். கெடுத்துக்காதீங்க." மிரட்டல்கூட இல்லை அது, அக்கறையாகத்தான் சொன்னார், அதுதான் எரிச்சல். ஐந்து வருஷம் பிள்ளை வளர்த்துவிட்டு வேலை தேடியபோது பதினான்கு இடத்தில் என் விண்ணப்பத்தில் இருந்த இடைவெளியை விரலால் தொட்டுக் காட்டி இது என்ன என்று கேட்டார்கள். கேட்காமல் எடுத்துக்கொண்டவர் இவர் ஒருவர். நன்றி இருக்கிறது. இருக்கட்டும். அந்த நன்றியை என் பாக்கெட்டிலிருந்துதான் கொடுக்க முடியும், மூக்கம்மாளின் வீட்டை எடுத்துக் கொடுக்க முடியாது.

இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். இரண்டு வழி. அந்த அறுபத்தொரு வரிசையை அழித்துவிடலாம், அழி என்று ஒரு வரி, அப்புறம் உலகத்தில் எந்த எண்ணிக்கையும் இடிக்காது, ஸ்டிக்கர் 1,184, ஆணை 1,184, வெள்ளிக்கிழமை கையெழுத்து, பாப்பாவின் டெர்ம் ஃபீஸ். என்றைக்காவது புல்டோசர் வரும்போது ராக்கு என்ற அறுபது வயதுப் பெண் டேப்பில் எழுதிக்கிட்டுப் போனாங்களே என்று யாரிடமாவது சொல்வாள், எவரும் தேடினால் அவள் வந்துபோன தடமே இருக்காது. என்னை எவனும் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு சுத்தமாக எனக்கு அழிக்கத் தெரியும். தெரியும் என்பதுதான் நடுக்கம். கை விசைப்பலகைமேல் இருக்கிறது. நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று இருபது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், சோதித்துப் பார்க்க இப்போதுதான் சந்தர்ப்பம் வந்திருக்கிறது. இல்லைடி, மாட்டேன். தப்புச் செய்தவள் நான், திருத்துகிறவளும் நானேதான், நடுவில் யாரும் வந்து கண்ணாடி துடைக்க வேண்டாம். எண்ணும் வரியைத் திறந்தேன். கட்டத்தின் பெயரை அழித்தேன். நட்சத்திரம் போட்டேன். பூட்டிய வீடுகளை ஆளே இல்லாதவை என்று ஒழுங்காக விலக்க இன்னொரு வரி, முதல்நாளே எழுதியிருக்க வேண்டியது. ஓட்டினேன். 1,245. இப்போது அந்த எண் எனக்குப் பிடித்திருக்கிறது. திட்ட அலுவலருக்கும், ஞானதுரை சாருக்கும், ஃபைலில் பெயர் இருக்கும் ஒன்பது பேருக்கும் மெயில். முந்தைய எண்ணிக்கையில் பிழை, பிழை என்னுடையது, களப்பணியாளருடையது அல்ல, சரியான எண் இது, பட்டியல் இணைப்பில். கீழே என் முழுப்பெயர். பதினொன்று ஐம்பத்தாறு. அனுப்பினேன். எதிர் அறையில் ஞானதுரை சாரின் போன் சிணுங்கியது, கண்ணாடிக் கதவு வழியாக அவர் அதை எடுத்துப் பார்ப்பது தெரிந்தது, அவர் என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன், பார்வையை எடுக்கவில்லை.

மீட்டிங் அறையில் பச்சை ஃபைல் திட்ட அலுவலருக்கு முன்னால் திறந்திருக்கிறது. நல்ல மனுஷர் போலத்தான் இருக்கிறார், நெற்றியில் விபூதி, வெயிலில் வந்த களைப்பு. "மெயில் பாத்தேன்மா. கடைசி நேரத்துல இப்படி மாத்தினா நான் மேல என்ன சொல்றது?" "நான் தப்பா எண்ணிட்டேன்னு சொல்லுங்க சார்." ஞானதுரை சார் மேசைக்கடியில் என் நாற்காலியைக் காலால் இடிக்கிறார். "ரெக்கார்டு இன்கம்ப்ளீட் சார்," என்கிறார் அலுவலரிடம், "கணவர் பேர் இல்ல. அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்." அலுவலர் தலையாட்டுகிறார். "அதானே. கணவர் பேர் இல்லாம யார் பேர்ல ஒதுக்குறது? 1,184-க்கு இப்போ போட்டுருவோம், அந்த அறுபது பேரைப் பின்னாடி பாப்போம்." பேனா மூடியைத் திறக்கிறார். அந்த அறுபது பேர். அறுபத்தொன்று, ஒருத்தியை இவர் வேறு தின்றுவிட்டார். "அவங்க பேருலயே ஒதுக்கலாம் சார். அவங்களுக்குப் பேரு இருக்கு." லேப்டாப்பைத் திருப்பிக்கொண்டேன். "ஒண்ணு, மூக்கம்மாள், கதவு எண் பதினாலு, அஞ்சு பேரு. ரெண்டு, பஞ்சவர்ணம், கதவு எண் பதினாறு, மூணு பேரு. மூணு, ராக்கு, கதவு எண் பதினேழு, ரெண்டு பேரு." யாரோ இருமுகிறார்கள். நாற்காலி மறுபடியும் இடிபடுகிறது, நான் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன். இருளாயி, சிட்டம்மாள், வீராயி, நாகஜோதி. ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் மூச்சு வாங்குகிறேன், அவசரமே படவில்லை. மாயக்காள், கைக்குழந்தை ஒன்று. அங்கம்மாள், கண் தெரியாத ஒருவர். பத்தொன்பதாவது பெயரில் அலுவலர் கையை உயர்த்துகிறார்.

"போதும்மா, விஷயம் புரிஞ்சுது."

"இன்னும் நாப்பத்திரண்டு பேரு இருக்காங்க சார்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு பேனாவை மூடி ஃபைலின்மேல் வைத்தார். ஞானதுரை சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் திரையைப் பார்த்தேன்.

"இருபது, ஒச்சம்மாள், கதவு எண் எழுபத்தொண்ணுக்குப் பின்பக்கம், நாலு பேரு."